மறையூர் முனியறைகளும் ஆதிச்சநல்லூர் தாழிகளும்

தனுவச்சபுரம், பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் ஒரு வயது வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நாம தமிழரா, மலையாளியா?” பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் பாட்டியோடு தமிழ், கடைத்தெருவில் இரண்டும் கலந்த பேச்சு. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நமக்கே பதில் சொல்ல வாய் வராது.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நம் நெய்யாற்றின்கரையும், வடக்கே தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளைக்கு அப்பால் ஒரு மாநிலம், இப்பால் ஒரு மாநிலம். இந்தக் கட்டுரை அந்தப் பழைய வழக்கைக் கிளற எழுதியதல்ல. அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முன்பே இருபுறமும் நின்றுவிட்ட கற்களைப் பற்றியது.

மறையூரில் நான் செய்த பிழை

தேவிகுளம் வட்டத்தில், மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை போகும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் மறையூர் இருக்கிறது. சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பெயர் போன ஊர். மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்களின் பேச்சு இன்றும் தமிழே.

பல ஆண்டுகளுக்கு முன் சுற்றுலாவாக அங்கே போயிருந்தோம். பாம்பாற்றின் பக்கத்திலுள்ள மொட்டைப் பாறைக் குன்றில் ஏறினால், பெரிய கல் பலகைகளால் கட்டிய அறைகள் வரிசையாக நிற்கின்றன. இடுப்பளவு உயரம், மேலே ஒரே பலகைக் கல் மூடி. இடம் தோதாக இருக்கிறதே என்று நாங்கள் நாலு பேர் மூடிக்கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்த வழியே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “எறங்குங்க தம்பி. அது ஒருத்தரு படுத்திருக்கிற எடம்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாங்கள் இறங்கினோம். அன்றைக்குப் பட்ட வெட்கந்தான் பின்னர் என்னை இந்தக் கற்களைப் பற்றிப் படிக்க வைத்தது.

பெயர்களும் வகைகளும்

மக்கள் இதனை முனியறை என்கிறார்கள். முனிவர் தவமிருந்த அறையாம். பாண்டவர் வனவாசத்தில் மறைந்திருந்த ஊர் என்ற கதையும் உண்டு. தமிழ்நாட்டில் இதே அமைப்பைப் பாண்டவர் வீடு, வாலியர் வீடு என்று ஊருக்கொரு பெயரால் அழைப்பர். கட்டியவர் யார் என்பது மறந்துபோனால் பழி பாண்டவர் தலையில் விழுவது நம் நாட்டு வழக்கம்!

தொல்லியலார் இவற்றைப் பெருங்கற்காலச் சின்னங்கள் என்பர். தரைக்கு மேலே பலகைக் கற்களை நிறுத்தி மூடியிட்டது கல்திட்டை. அதையே மண்ணுக்குள் அமைத்தால் கல்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்களை அடுக்கியது கல்வட்டம். தனியே நிமிர்ந்து நிற்பது நெடுங்கல் அல்லது குத்துக்கல். பெரிய மண்பானையில் எலும்புகளை இட்டுப் புதைத்தது தாழி. மலையாளத்தில் அதற்கு நன்னங்காடி என்று பெயர்.

எந்த வகை எங்கே என்பதை நிலமே முடிவு செய்திருக்கிறது. மறையூரில் பாறை அடுக்கடுக்காகப் பெயரும், குழி தோண்ட மண் இல்லை, எனவே பலகைக் கல் திட்டை. திருச்சூர் மாவட்டத்தில் பாறைக்குப் பதில் வெட்டுக்கல். நம் வீட்டுச் சுவர் கட்டுகிற அதே கல்தான். வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். சேரமனங்காட்டுக் குடக்கல்லுப் பறம்பில் அதைச் செதுக்கிக் குடைபோல் நிறுத்தியிருக்கிறார்கள். நான்கு கற்கள் சாய்ந்து ஒன்றுகூட, அவற்றின்மேல் ஓலைக்குடை கவிழ்த்தாற்போல ஒரு வட்டக் கல். அந்த ஒரு பறம்பில் மட்டும் 60க்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. அருகே அரியன்னூரிலும் இத்தகைய குடைக்கற்களைக் காணலாம்.

ஆராய்ந்தவர்கள்

இந்தியாவில் இத்தகைய சின்னங்களைத் தோண்டிப் பார்த்து எழுதிய முதல் செய்தி மலபாரிலிருந்தே வந்தது. பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் வட மலபாரில் தாம் திறந்து பார்த்த ‘பாண்டுக்குழி’களைப் பற்றி எழுதிய கட்டுரை 1823இல் அச்சேறியது. பிறகு 1948இல் பி.கே. தாப்பர் திருச்சூர்ப் பக்கம் போர்க்களம் என்ற ஊரில் ஒரு தாழியை முறைப்படி அகழ்ந்தார். கர்நாடகத்துப் பிரம்மகிரியில் 1947இல் வீலர் நடத்திய அகழாய்வுக்குப் பின் இச்சின்னங்களைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி வைத்தனர். கரிமக் கணிப்பு வந்தபின் அது மாறியது. கொல்லம் மாவட்டத்து மங்காட்டில் தி. சத்தியமூர்த்தி செய்த அகழாய்வு கி.மு. 1000 வரை கொண்டுபோனது.

அதே சத்தியமூர்த்திதான் 2004-05இல் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தார். சுமார் 600 சதுர மீட்டருக்குள் 160க்கும் மேற்பட்ட தாழிகள்! ஒன்றின்மேல் ஒன்றாகக்கூடப் புதைத்திருந்தார்கள். தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரந்த அந்தப் பறம்பை 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பொருள்களைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் அலெக்சாந்தர் ரீ தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்புக் கருவிகள் கிடைத்தன. இன்று அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடித் தளம் இட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே காணும்படி செய்திருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

இலக்கியம் சொல்வது

புறநானூற்றில் ஒரு பெண், கணவனை இழந்தவள், குயவனிடம் வேண்டுகிறாள்: தாழியை அகலமாகச் செய், எனக்கும் அதில் இடம் வேண்டும் என்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்தபின் அந்தப் பாட்டைப் படித்தால் நெஞ்சு கனக்கும். மணிமேகலை, சுடுதல், போட்டுவிடுதல், குழியிலிடுதல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியில் கவித்தல் என ஐந்து வழக்கங்களை ஒரே சுடுகாட்டில் காட்டுகிறது. புகார் நகரத்தில் அவரவர் வழக்கப்படி அவரவர் அடக்கம் செய்தனர் என்பது இதிலிருந்து விளங்கும்.

நம்முடையதா?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பெருங்கல் எங்கே கண்டாலும் ‘தமிழனே முதலில்’ என்று மேடையில் பேசிவிடுவது நமக்குப் பழக்கம். பிரிட்டனில் உள்ள ஸ்டோன்ஹெஞ்ச் இவற்றைவிட மிகப் பழையது. கொரியாவின் கோச்சாங், ஹ்வாசுன், காங்வா கல்திட்டைகள் 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றைக் கட்டியவர்களும் நம்மைப் போல் இறந்தவரை மறக்க மனமில்லாதவர்களே. மறையூர்க் கற்களில் எழுத்தில்லை. அவர்கள் பேசிய மொழி இது என்று கல் சொல்லாது. ஒன்று மட்டும் உறுதி: மலையாளம் தனிமொழியாகப் பிரிவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அவை நின்றன. குடக்கல்லு, பறம்பு, அறை, குழி என்ற பெயர்கள் இரு மொழிக்கும் பொதுவாக இருப்பதும் அந்தப் பழைய ஒற்றுமையின் எச்சந்தான்.

அண்மையில் மறுபடி மறையூர் போனேன். தங்கையின் மகளும் உடன் வந்தாள். சில மூடிக்கற்கள் சரிந்து கிடந்தன. சிலவற்றில் யாரோ பெயின்டால் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். பிள்ளை குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, “மாமா, இது யாருக்க வீடாக்கும்?” என்று கேட்டாள். “நமக்கும் இவிடத்துள்ளவங்களுக்கும் பாட்டாவாயிட்டு இருந்தவங்களுக்க வீடு மக்களே” என்றேன். “அப்போ அவங்க தமிழரா, மலையாளியா?” “அந்தக் கேள்வி பொறக்கதுக்கு முந்தியே அவங்க போயாச்சு.” அவள் சற்று யோசித்தாள். பிறகு மூடிக்கல்லில் ஒட்டியிருந்த ஒரு மிட்டாய்த் தாளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வாசகர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவே. விடுமுறைக்கு மூணாறு போகிறவர்கள் மறையூருக்கும், திருநெல்வேலி போகிறவர்கள் ஆதிச்சநல்லூருக்கும், குருவாயூர் போகிறவர்கள் அரியன்னூருக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். கல்லின் மேல் ஏற வேண்டாம், பானை ஓட்டைப் பொறுக்கி வர வேண்டாம். கிணறு வெட்டும்போதோ வெட்டுக்கல் எடுக்கும்போதோ தாழி தட்டுப்பட்டால் உடைத்து எறியாமல் கிராம அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனால் சட்டத்தைவிட அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைதான் என் நினைவில் நிற்கிறது. அது ஒருத்தர் படுத்திருக்கிற இடம்.