உலகக் கோப்பையைத் தேடிப் போனவர்களும் வரவழைத்தவர்களும்

பந்து இல்லாத பிள்ளைகள் எதைப் பந்தாக்குகிறார்கள் என்பதிலேயே இந்த இரண்டு படங்களும் தங்கள் குணத்தைக் காட்டிவிடுகின்றன. 'ஆப்பிரிக்கா யுனைடெட்' (2010) தொடங்கும்போது டுடு என்ற ருவாண்டாச் சிறுவன் நம்மைப் பார்த்துப் பாடம் நடத்துகிறான். ஓர் ஆணுறையை ஊதுகிறான், மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றுகிறான், கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறான். பந்து தயார். போகிற போக்கில் எய்ட்ஸ் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லி முடித்துவிடுகிறான். 'தி கப்' (1999) படத்தில் இளம் பிக்குகள் மடத்து முற்றத்தில் காலி கோக் டின்னை உதைத்து விளையாடுகிறார்கள். அந்த டின்னுக்கு உதை வாங்குவதைத் தவிர வேறு வேலை எதுவும் இல்லை. முதல் பந்து ஒரு செய்தியைச் சுமக்கிறது. இரண்டாவது வெறும் பந்தாகவே இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

டெப்ஸ் கார்ட்னர்-பேட்டர்சன் இயக்கிய 'ஆப்பிரிக்கா யுனைடெட்' குடும்பத்தோடு பார்க்கும் சாகசப் படம். ஃபப்ரீஸ் வசதியான வீட்டுப் பையன், கால்பந்து அபாரமாக ஆடுவான். எய்ட்ஸில் பெற்றோரை இழந்த டுடு, தானே நியமித்துக்கொண்ட 'மேனேஜர்'. ஜோகன்னஸ்பர்க்கில் நடக்கவிருக்கும் உலகக் கோப்பைத் தொடக்க விழாவுக்கான தேர்வில் கலந்துகொள்ள ஃபப்ரீஸுக்கு வாய்ப்பு வருகிறது. 1930-இல் தொடங்கிய போட்டி ஆப்பிரிக்க மண்ணுக்கு வர 80 ஆண்டுகள் ஆன சமயம் அது. டுடுவின் தங்கை பியாட்ரிஸையும் கூட்டிக்கொண்டு, தேர்வு நடக்கும் ருவாண்டாத் தலைநகர் கிகாலிக்குப் புறப்பட்டவர்கள், பஸ் மாறி ஏறி காங்கோவில் போய் இறங்குகிறார்கள். அங்கிருந்து டாங்கனிக்கா ஏரி, ஜாம்பியா, ஜிம்பாப்வே என்று தெற்கே ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். வழிகாட்ட அவர்களிடம் இருப்பது உலகக் கோப்பை ஆட்ட அட்டவணையோடு வந்த ஒரு சுவர்ப்படம் மட்டும்.

'தி கப்' படத்தில் யாரும் எங்கும் போவதில்லை. இமாச்சலப் பிரதேசத்தின் பீர் என்ற ஊரில் உள்ள திபெத்திய மடம், 1998 ஜூலை. ஓர்க்யென் என்ற குட்டி பிக்குவுக்குக் கால்பந்துப் பைத்தியம். அறைச் சுவர் முழுக்க ஆட்டக்காரர்களின் படங்கள். திருட்டுத்தனமாக ஊருக்குள் போய் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மடத்தின் ஒழுங்கைக் கவனிக்கும் கெக்கோவிடம் பிடிபடுகிறான். இறுதி ஆட்டத்தையாவது மடத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று, டி.வி.யும் டிஷ்ஷும் வாடகைக்கு எடுக்கக் காசு சேர்க்கிறான். கதை அவ்வளவுதான். முன்னவர்கள் உலகக் கோப்பையைத் தேடிப் போகிறார்கள். இவர்கள் அதைத் தங்கள் கூரைக்குக் கீழே வரவழைக்கிறார்கள்.

ஆனால் பயணம் 'தி கப்'பிலும் இருக்கிறது. பால்டென், ந்யிமா என்ற இரண்டு சிறுவர்கள் திபெத்திலிருந்து தப்பி மடத்துக்கு வந்து சேர்கிறார்கள். இமயத்தைத் தாண்டி வரும் அந்தத் தப்பித்தல் காங்கோ காட்டு வழிக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. வேறு யாராவது எடுத்திருந்தால் அதுவே முழுப்படம் ஆகியிருக்கும். இயக்குநர் கியென்ட்சே நோர்பு அதில் தங்கவே இல்லை. வந்தவர்களுக்குத் தலை மழித்து, அங்கி கொடுத்து, மடத்துக் குறும்புகளுக்குள் இறக்கிவிட்டுவிடுகிறார். நாடிழந்த சோகம், எந்நேரமும் திபெத்துக்குத் திரும்பும் நினைப்பிலேயே இருக்கும் மடத்துத் தலைவர் வழியாகப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பையன்கள் பையன்களாகவே இருக்கிறார்கள்.

'ஆப்பிரிக்கா யுனைடெட்' இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. வழியில் சேர்ந்துகொள்ளும் ஃபோர்மன் ஜார்ஜ், துப்பாக்கி தூக்கிய சிறார் படையிலிருந்து ஓடிவந்தவன். செலஸ்டே, பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண். டுடு எய்ட்ஸ் அநாதை. பியாட்ரிஸுக்குப் படிப்பு மறுக்கப்பட்டிருக்கிறது. டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆளுக்கொரு பிரச்சினை என்று பங்கு வைத்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது. இவற்றில் எதுவும் பொய்யல்ல. ஆனால் இந்த நால்வரும் சேர்ந்து கண்டத்தின் துயரப் பட்டியலை நிரப்பும்போது, ஒரு கோபக்காரப் பையனோ பொறாமைக்காரப் பெண்ணோ அந்தக் கூட்டத்தில் நமக்குக் கிடைப்பது அரிதாகிவிடுகிறது.

எடுத்தவர்கள் எங்கே நின்று எடுத்தார்கள் என்பதும் இதற்குக் காரணம். நோர்பு தாமே ஒரு ரின்போச்சே, அதாவது திபெத்திய பௌத்த குரு. நடித்தவர்கள் அந்த மடத்துப் பிக்குகள், பேசுவது திபெத்தியமும் இந்தியும். தன் வீட்டைப் படம் எடுப்பவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. 'ஆப்பிரிக்கா யுனைடெட்' பிரிட்டனும் ருவாண்டாவும் தென்னாப்பிரிக்காவும் கைகோத்துத் தயாரித்த படம். கதை எழுதியவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் ரிடியன் ப்ரூக். பிள்ளைகள் தங்களுக்குள்ளும் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். வெளியூர்ப் பார்வையாளருக்கு எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் தெரிகிறது. இயக்குநருக்கு ருவாண்டா புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1997-இல் ந்யாங்கே பள்ளிக்குள் புகுந்த ஆயுதக்காரர்கள் ஹூட்டு இனத்தவர் தனி, டுட்ஸி இனத்தவர் தனியாகப் பிரியச் சொன்னபோது மாணவர்கள் மறுத்த நிகழ்வை அவர் முன்பே குறும்படமாக எடுத்தவர். பணக்காரப் பையனும் அநாதையும் முன்னாள் படைச் சிறுவனும் ஒரே அணியாக நிற்கும் இந்தப் படம், அதே எண்ணத்தைச் சிரிப்போடு மறுபடி சொல்கிறது.

அந்தச் சிரிப்புதான் படத்தைக் காப்பாற்றுகிறது. அதற்கு முழுப்பொறுப்பு டுடு. எரியா ந்டாயம்பாஜே நடித்த இந்தப் பையனின் வாய் ஓய்வதே இல்லை. மாட்டிக்கொண்ட ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது பேசி, பேரம் நடத்தி, கதை அளந்து தப்பிக்கிறான். இடையிடையே அவன் சொல்லும் கதை பொம்மை அனிமேஷனாக விரிகிறது. டுடு பேசும்போதெல்லாம் அந்தத் துயரப் பட்டியல் மறந்துபோகிறது. எதிரே ஒரு குழந்தை நிற்கிறது. ஆணுறையில் தொடங்கும் குழந்தைகள் படம் ஒன்றை எடுக்கத் துணிச்சல் வேண்டும். அதை அருவருப்பின்றி, வகுப்பறை வாடையின்றிச் செய்து காட்டியது இந்தப் பையனின் வாய்.

கனவுக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வியில் 'தி கப்' ஒரு படி மேலே போய்விடுகிறது. டி.வி.க்குப் பணம் போதாதபோது, ந்யிமாவின் கைக்கடிகாரத்தை அடகு வைக்கிறார்கள். அது அவன் தாய் கொடுத்தது. மறுநாள் நண்பகலுக்குள் மீட்காவிட்டால் கைவிட்டுப் போய்விடும். பிரான்ஸும் பிரேசிலும் மோதும் ஆட்டம் தொடங்குகிறது. நடுவில் கரண்ட் போய், இருட்டில் சுவரில் நிழல் காட்டி விளையாடி, மறுபடி கரண்ட் வருகிறது. இத்தனைக்கும் ஏற்பாடு செய்த ஓர்க்யெனால் மட்டும் ஆட்டத்தில் மனம் வைக்க முடியவில்லை. ந்யிமாவின் முகத்தைப் பார்த்தபடி எழுந்து போய், கடிகாரத்தை மீட்கத் தன்னிடம் விற்கத் தக்கது என்ன இருக்கிறது என்று அறையைக் குடைகிறான். பிரான்ஸ் 3-0 என வென்ற அந்த ஆட்டத்தைப் பார்க்கத் தவித்தவன், அதை விட்டு வெளியேறுவதே படத்தின் உச்சம்.

'ஆப்பிரிக்கா யுனைடெட்' பிள்ளைகளுக்குத் தடைகள் எல்லாமே வெளியிலிருந்து வருகின்றன: எல்லைச் சாவடி, முகாம், துரத்தும் ஆயுதக்காரர்கள், நோய். ஓர்க்யெனின் தடை அவன் மனசாட்சி. அதனால் முன்னவர்களுக்காக நாம் பதறுகிறோம். ஓர்க்யெனிடம் நம்மையே பார்க்கிறோம். ஆனால் துப்பாக்கி துரத்தும் பிள்ளைக்கு மனசாட்சியோடு மல்லுக்கட்ட நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். மடத்துச் சுவர் கொடுக்கும் பாதுகாப்பில்தான் அப்படி ஒரு சின்னக் கதை முளைக்க முடியும். அந்தப் பாதுகாப்பு டுடுவுக்குக் கிடைக்கவில்லை என்பதை மறந்துவிட்டு இரண்டு படங்களுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமாகாது.

கலையாகப் பார்த்தால் என் ஓட்டு 'தி கப்'புக்கு. வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், தயங்காமல் 'ஆப்பிரிக்கா யுனைடெட்'டைப் போடுவேன். அதைப் பார்த்து முடித்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்: அந்த அண்ணன் கையில் துப்பாக்கி எப்படி வந்தது, டுடுவின் அப்பா அம்மா எதனால் இறந்தார்கள் என்று. பெரியவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் பேச்சு அங்கே தொடங்கும். குறைகளோடு கூடிய இந்தப் படம் செய்யும் பெரிய வேலை அதுதான்.