பழைய மால்பில் ஏறியவன்



செங்கம் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நடுகற்கள்தாம் நினைவுக்கு வரும். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குப் பெயர், ஊர், அரசனின் ஆட்சியாண்டு எல்லாம் பொறித்துக் கல் நட்டார்கள். அதே ஜவ்வாது மலைப் பக்கம் தேன் எடுக்க ஏறி விழுந்து செத்தவனுக்குக் கல் உண்டா? நான் படித்த நடுகல் கல்வெட்டுகளில் அப்படி ஒன்றுகூட இல்லை.

ஆனால் அவன் ஏறிய ஏணி சங்க இலக்கியத்தில் இருக்கிறது. செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், தேனுக்காகப் பாறையில் சார்த்திய 'மால்பு' பற்றிச் சொல்கிறது. மால்பு என்றால் கண்ணேணி. நெடிய ஒற்றை மூங்கில், கணுதான் படி. குரங்கே ஏற முடியாத பாறையாம் அது!

குறுந்தொகை 273-ஆம் பாட்டில் இன்னொருவன் வருகிறான். தேனுக்கு ஆசைப்பட்டுப் பழைய மால்பு என்று தெரியாமல் ஏறியவன். உவமைதான். ஆனால் அவனை 'மடவோன்' என்கிறது பாட்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏணி நைந்து போனது ஏறியவன் குற்றமா?

மலைமக்கள் மடையர்கள் இல்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் தேன் எடுப்பவன் தொங்கும் கயிற்றை மைத்துனன் காவல் காக்கும் வழக்கம் உண்டு. தன் அக்கா தங்கை தாலியறுக்க எந்த மைத்துனனும் விடமாட்டான் என்ற கணக்கு. இதைவிட நல்ல பாதுகாப்பு விதி எந்தத் தொழிற்சாலையில் இருக்கிறது?

1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலையில் விழுந்தவன் கவனக்குறைவாக இருந்தான் என்று மட்டும் சொல்லி முதலாளி தப்ப முடியாது என்றது. 'மடவோன்' என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்ல சட்டம். ஆனால் முதலாளி என்று ஒருவர் இருந்தாக வேண்டும். தானாகக் காட்டுக்குப் போய்த் தேன் எடுத்து, எடைக்கு விற்று வருகிறவனுக்கு முதலாளி யார்? வாங்குகிற வியாபாரி 'நான் தேன்தான் வாங்கினேன்' என்பார்.

2006 வன உரிமைச் சட்டம் தேன் போன்ற சிறு வன விளைபொருள்களை அவனுக்கே உரிமையாக்கியது. பல தலைமுறை காத்திருந்து கிடைத்த உரிமை, சந்தேகமில்லை. ஆனால் அதை எடுக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்தால் யார் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது.

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் ஊரில் இந்த ஏணிக்கு என்ன பெயர், கயிறு பிடிப்பது யார் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.