லைசென்ஸ் உள்ள அப்பா

கென்னத் ஆண்டர்சனைத் தமிழ் வாசகர்கள் இன்னொரு ஜிம் கார்பெட்டாகத்தான் படிக்கிறார்கள். ஆட்கொல்லிப் புலி, பரண், ராத்திரி முழுக்கக் காத்திருப்பு, விடியும் முன் ஒரு வெடி. நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். பென்னாகரம், அஞ்செட்டி, முத்தூர், ஜவளகிரி, ஒகேனக்கல் என்று அவர் எழுதும் ஊர்களில் பாதி அன்றைய சேலம் ஜில்லாவில் இருந்தவை. கூலாயில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஸ்காட்லாந்து வம்சாவளிக்காரரின் ஆங்கிலம் வழியாகத் தமிழ்நாட்டுக் காட்டைத் தெரிந்துகொள்வது கொஞ்சம் விசித்திரமான அனுபவம்தான்.

இரண்டாம் முறை படித்தபோது புலியைவிட டொனால்டு கவனத்துக்கு வந்தார். கென்னத்தின் மகன். அப்பா எழுத்தில் 'டான்'.

கென்னத் 1910-இல் ஹைதராபாத் பக்கத்து பொலாரத்தில் பிறந்தவர். ஆறு தலைமுறையாக இந்தியாவில் இருந்த குடும்பம். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம். ஓய்வு கிடைத்தால் ஸ்டூட்பேக்கர் காரில் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். 1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகளாக அரசுப் பதிவுகளில் 8 சிறுத்தைகளும் 7 புலிகளும் இருக்கின்றன. டானைச் சின்ன வயசிலிருந்தே காட்டுக்குக் கூட்டிப்போனார். துப்பாக்கி பிடிப்பது, தடம் பார்ப்பது, அசையாமல் உட்கார்வது எல்லாம் அப்பாவிடம் படித்த பாடங்கள். வயசு ஆக ஆக கென்னத் துப்பாக்கியை இறக்கிவிட்டு கேமராவை எடுத்தார், காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். மகனோ வேட்டையை விடவில்லை. அப்பாவைவிட அவருக்குத்தான் அதில் வெறி அதிகம். அப்பாவின் இளமை மகனிடம் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா வேறு ஆளாகியிருந்தார். இந்த விலகலைப் பற்றி மட்டுமே ஒரு நாவல் எழுதலாம்.

அப்பா-மகன் வேட்டை என்றால் உலகம் உடனே சொல்வது ரூஸ்வெல்ட்டை. அமெரிக்க அதிபர் பதவியை விட்டு இறங்கிய அதே மார்ச் 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் லீவு சொல்லிவிட்டுக் கூடவே போன மகன் கெர்மிட்டுக்கு 19 வயது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேர்க்கிறோம் என்பது காரணம். எண்ணிக்கையை ரூஸ்வெல்ட்டே தன் புத்தகத்தில் கணக்குப்பிள்ளை மாதிரி பட்டியல் போட்டிருக்கிறார்: அப்பா 296, மகன் 216, ஆக 512 விலங்குகள். சிங்கத்தில் அப்பாவுக்கு 9, மகனுக்கு 8. மகனின் முரட்டுத் துணிச்சல் அப்பாவைக் கவலைப்பட வைத்ததும் அவர் கடிதங்களில் உண்டு. ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு நம்பிய .405 வின்செஸ்டர் துப்பாக்கியைத்தான் பிற்பாடு நம் பென்னாகரம் காட்டில் கென்னத்தும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இரண்டு கதையிலும் மூன்றாவதாக ஒருத்தர் நடந்துகொண்டிருக்கிறார். ரூஸ்வெல்ட் விஷயத்தில் ஒருத்தர் இல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட சுமைகூலிகள். கென்னத் விஷயத்தில் பைரா. முத்தூர்ப் பக்கம், சின்னாறு ஓரம் வாழ்ந்த பூசாரி இனத்தவர். கென்னத்தின் எழுத்தில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் இவர்தான். ஒடிந்த புல்லைப் பார்த்து மிருகம் எப்போது போனது என்று சொல்பவர். காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான் என்றே கென்னத் அவரைக் கருதினார், அதில் அவர் கஞ்சத்தனம் காட்டியதில்லை. ஆனால் பைரா நமக்கு முதலில் அறிமுகமாவது எப்படி? கள்ளவேட்டைக்காரராக.

இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நூறு வருஷச் சட்டம் இருக்கிறது. 1873-இல் காட்டு யானைகளைக் காக்க மதராஸ் மாகாணம் சட்டம் போட்டது. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம். 1882-இல் மதராஸ் வனச்சட்டம். விலங்குகளைக் காப்பாற்றத்தானே என்று தோன்றும். நீலகிரிச் சட்டத்தில் காப்பாற்றப்பட்டவற்றில் விளையாட்டு வேட்டையும் ஒன்று. துரைமார் சுடுவதற்கு மான் மிச்சம் இருக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் சுடக் கூடாது. லைசென்ஸ் வாங்கியவன் 'ஸ்போர்ட்ஸ்மேன்', வயிற்றுக்கு வேட்டையாடியவன் திருடன். புலிக்குத் தெரியுமா எந்தத் தோட்டா லைசென்ஸ் தோட்டா என்று?

வித்தை பைராவிடமிருந்து கென்னத்துக்கும், கென்னத்திடமிருந்து டானுக்கும் போயிருக்கிறது. ஆனால் கென்னத் மகனை வெளிச்சத்தில் கூட்டிப்போகலாம், காட்டுபங்களாவில் தங்கலாம், திரும்பி வந்து புத்தகம் எழுதலாம். பைரா தன் பிள்ளைக்கு அதே பாடத்தைச் சொல்லித்தந்தால் கார்டு கண்ணில் படாமல் சொல்லித்தர வேண்டும். அப்பாவும் மகனும் வேட்டைக்குப் போவதைப் பாசக்கதையாகப் படிக்கும்போது இந்த இடம் எனக்கு உறுத்துகிறது. பாசம் பொய் என்று சொல்ல வரவில்லை. அதற்கும் ஒரு அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது.

1972-இல் இந்தியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டானின் வேட்டை நாட்களும் முடிந்தன. இரண்டு வருஷத்தில் கென்னத் இறந்துபோனார். டான் 2014 வரை இருந்தார். துப்பாக்கி இல்லாமலும் காட்டுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. அவருடைய நினைவுகளை ஜோஷுவா மேத்யூ எழுதிய புத்தகத்துக்கு 'கடைசி வெள்ளை வேட்டைக்காரன்' என்ற பொருளில்தான் பெயர்.

அதே 1972-இல் மலேசியாவும் வனவிலங்குச் சட்டம் இயற்றியது என்பதைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். எங்கள் ஜொகூருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் பேர்போன புலி வேட்டைக்காரர். 1928-இல் ஜொகூர் பாருவில் மிருகக்காட்சிசாலையை அமைத்தவரும் அவரே. அவர் காலத்தில்தான் காடு ரப்பர் ஆனது, நம் ஆட்கள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனார்கள். பிறகு ரப்பர் செம்பனை ஆனது. கூலாய் மாவட்டத்தில் ஒரு ஊரின் பெயரே கெலாப்பா சாவிட், அதாவது செம்பனை. நாடு முழுக்க இப்போது 150-க்கும் குறைவான புலிகளே மிச்சம் என்று தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது.

1972 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010 சட்டத்தைத் தேடிப் படித்தேன். அதில் பூர்வகுடிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. காட்டுப்பன்றி, கடமான், சருகுமான் போன்ற சில விலங்குகளை ஓராங் அஸ்லி ஒருவர் தன் பிழைப்புக்கும் குடும்பத்தின் பிழைப்புக்கும் லைசென்ஸ் இல்லாமலே வேட்டையாடலாம். விற்கக் கூடாது. ஆக, ஜொகூரின் ஜக்கூன் அப்பா ஒருவர் இன்றைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு பகலிலேயே கிளம்பலாம், யாரும் கேட்க முடியாது. கூலாய்ப் பக்கம் என்றால் முதலில் செம்பனையைத் தாண்ட வேண்டும். அது எத்தனை கிலோமீட்டர் என்று வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும்.