காணி குடியிருப்புகளில் அரசு சேவைகள்

பாபநாசத்துக்கு மேலே பொதிகைமலைச் சரிவில் வாழும் காணி மக்கள், தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அரசு அலுவலகங்களுக்கு மிகத் தொலைவில் இருப்பவர்கள். அகஸ்தியர் காணி குடியிருப்பு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகியவை இவர்களின் ஊர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், போக்குவரத்து வனத்துறைச் சோதனைச்சாவடியைக் கடந்தே நடக்கிறது.

இவற்றில் கடைக்கோடி இஞ்சிக்குழி. காரையாறு எனப்படும் 143 அடி பாபநாசம் மேலணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடந்து, பிறகு காட்டுக்குள் நடக்க வேண்டும். அணையில் தண்ணீர் வற்றினால் நடை இன்னும் நீளும். அங்கே வாழ்ந்த மூதாட்டி ஒருவருக்கு 2021இல் முதியோர் உதவித்தொகை கிடைத்தது. மாதம் 1,000 ரூபாய். அதை அவர் கையில் கொடுப்பதற்காக அஞ்சல் ஊழியர் ஒருவர் மாதந்தோறும் படகேறி, காடேறிச் சென்றார். வழிநடை அத்தனையும் அந்தப் பத்து நூறு ரூபாய்த் தாள்களுக்காக. ஆனால் நல்ல மனம் படைத்த ஓர் ஊழியரின் கால்பலத்தை நம்பி ஒரு சேவை நிற்கக் கூடாது. அவர் ஓய்வுபெற்ற மறுமாதமும் பணம் வந்தாக வேண்டும்.

சாதிச் சான்றிதழ் இன்னொரு சிக்கல். பழங்குடியினர் பட்டியலில் 'காணிக்காரன், காணிக்கர்' என்ற பெயர் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களுக்கும் மட்டுமே பொருந்தும். வட்ட எல்லை தாண்டிக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை, கல்லூரிச் சேர்க்கையின்போது இந்த எல்லைக்கோட்டில் முட்டிக்கொள்ள நேரலாம்.

இத்தகைய சிக்கல்களுக்குக் கடைசிப் புகலிடம் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவுக்கு எண் தருவார்கள். பிறகு அந்த மனு கீழே உள்ள துறைக்கே அனுப்பப்படும். யார்மீது குறை சொன்னார்களோ, அதே அலுவலகத்தின் மேசைக்கே அது திரும்பி வருவதும் உண்டு. கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்திருந்த ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகளோடு, 2017 அக்டோபர் 23 அன்று அந்த வளாகத்திலேயே தீக்கு இரையானது. அதன்பின் மனுநாளில் வருவோரின் பைகளை வாசலிலேயே காவலர்கள் சோதித்தார்கள், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால் செங்கோட்டை, சிவகிரிப் பக்கத்து மக்களுக்குக் கொக்கிரகுளம் வரும் அலைச்சல் தீர்ந்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் பொருள்களைக் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. அதில் எடைபோடும் கருவியும் வண்டியிலேயே வருகிறது. இஞ்சிக்குழிக்கு வண்டிப்பாதை இல்லை.