பொப்பிசையும் நமது இசை வரலாறும்: ஏ. ஈ. மனோகரனை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழரின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் நாதஸ்வர தவில் மரபையும், கர்நாடக இசையையும், கூத்துப் பாடல்களையும் விரிவாகப் பேசுவர். ஆயின் 1960களின் பிற்பகுதி தொடக்கம் மக்கள் நாவில் பெருவழக்காக ஒலித்த பொப்பிசைப் பாடல்களை ஓரிரு வரிகளுள் அடக்கிவிடுவர். இவ்வொதுக்கல் வரலாற்று நோக்கில் பொருந்துவதன்று என்பதை, பொப்பிசைச் சக்கரவர்த்தி எனப் புகழப்பெற்ற ஏ. ஈ. மனோகரனின் கலைவாழ்வை முன்னிறுத்தி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விசையின் ஊற்றுக்கள் இரண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இசையும் வெள்ளையரின் நாட்டுப்புற இசையும் கலந்து உருவானதே றொக் அன்ட் றோல். 1954 ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிறெஸ்லியின் முதலாவது வர்த்தக இசைத்தட்டு வெளிவந்தது. சில ஆண்டுகளுள் கித்தார் உலகெங்கும் இளைஞரின் வாத்தியமாயிற்று. மற்றைய ஊற்று நம் நாட்டுக்குள்ளேயே இருந்தது. போர்த்துக்கேயர் ஆட்சியின் எச்சமாகக் கரையோரங்களில் நிலைத்த பைலாவே அது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தையும் நேரடியாக ஆண்ட அவர்கள், தென்னிலங்கையிலேயே தம் இசையை ஆழமாக விட்டுச் சென்றனர். அதனை 1940களில் சிங்கள மக்களிடையே பரவச் செய்தவர் வொலி பஸ்தியன் ஆவார்.

இவ்விரண்டையும் தமிழோடு இணைத்த முன்னோடி உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, கித்தாருடன் பாடிய இவரது ‘சின்ன மாமியே’ என்ற பாடல் ஈழமெங்கும் பரவிற்று. மாமியும் மச்சாளும் கள்ளுக்கடையும் அவர் பாடுபொருள்களாயின. தமிழகத் திரைப்பாடலின் செயற்கைத் தமிழுக்குப் பழகியிருந்த செவிகள், தம் வீட்டு முற்றத்துப் பேச்சை இசையிற் கேட்டு வியந்தன எனலாம்.

நித்தி திறந்த வாயிலைப் பெருவீதியாக்கியவர் மனோகரன். கணீரென்ற குரலும், மேடையில் ஆடிப்பாடி அவையோரையும் உடன்பாட வைக்கும் ஆற்றலும் அவரது தனிச்சிறப்புக்கள். ‘சுராங்கனி’ என்ற அவரது பாடலில் சிங்களமும் தமிழும் கலந்தே வருகின்றன. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்ததைக் கூறும் எளிய பாடல் அது. மொழியின் பெயரால் நாடு பிளவுற்றுவந்த காலத்தில், இரு மொழியினரும் ஒருங்கே பாடிய பாடல் அதுவென்பதை வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். இலங்கையைத் தாய்நாடாகப் போற்றும் பாடலொன்றையும் அவர் பாடியுள்ளார்.

பொப்பிசையின் வளர்ச்சிக்குப் பொருளாதாரச் சூழலும் துணைநின்றது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. அதனால் குடாநாட்டில் மிளகாய், வெங்காயச் செய்கை செழித்தது. இந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவு தடைப்பட்டதால் உள்ளூர் வெளியீடுகள் பெருகின. ஈழத்துத் திரைப்படங்களும் அப்பத்தாண்டிலேயே எண்ணிக்கையில் உயர்ந்தன. மண்ணின் விளைபொருளுக்குக் கிடைத்த அதே சந்தை மண்ணின் பாட்டுக்கும் கிடைத்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ திரைப்படத்தில் மனோகரன் நடித்தார். 1977 இற்குப் பின் சந்தை திறந்துவிடப்படவே நிலைமை மாறிற்று. 1983 ஜூலை வன்செயல்களின் பின் இருமொழிப் பாடலுக்குரிய சூழலே அருகிற்று.

இதற்கிடையே ‘சுராங்கனி’ கடல் கடந்தது. 1977 இல் வெளியான ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழகத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் அது இடம்பெற்றது. மனோகரனும் தமிழகம் சென்று திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். ஆங்கு அவர் பெரிதும் எதிர்நிலை வேடங்களுக்கும் சிறு வேடங்களுக்குமே பயன்பட்டார். ‘சிலோன் மனோகர்’ என்பதே அங்கு அவருக்கு வழங்கிய பெயர். 1972 இல் நாடே கைவிட்ட பெயரை ஒரு கலைஞர் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தார். 2018 ஜனவரி 22 ஆம் திகதி சென்னையில் அவர் காலமானார்.

பொப்பிசை மேனாட்டைப் பார்த்துச் செய்த போலியென்றும், தரங்குறைந்ததென்றும் கூறுவோர் உளர். அப்பாடல்களுட் பல மேலோட்டமான நகைச்சுவையோடு நின்றுவிட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை நாடகமேடைக்குக் கொண்டுவந்து, 1940 இல் ‘நானாடகம்’ என நூலாக்கியபோது அதனைத் தமிழுக்குச் செய்த தொண்டென்றோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மீட்டெடுக்கும் வரை, கூத்தும் கற்றோராற் புறக்கணிக்கப்பட்ட கலையே. பாமரரது கலை என்ற காரணத்தால் கூத்தை ஒதுக்கியது தவறாயின், அதே காரணத்தால் பொப்பிசையை ஒதுக்குவது எங்ஙனம் சரியாகும்?

பைலாவும் ஒருகாலத்தில் அந்நியர் பாட்டே; கித்தாரைப் போலவே வயலினும் மேனாட்டிலிருந்து வந்ததே. கர்நாடக இசை வயலினை ஏற்றுக்கொண்டதால் அது போலியாகிவிடவில்லை. ஒரு வாத்தியம் எங்கிருந்து வந்தது என்பதிலும், அதனைக் கொண்டு யாருடைய வாழ்வு பாடப்பட்டது என்பதே பெரிதாகும்.

இராமநாதன் நுண்கலைக்கழகம் 1975 இல் யாழ்ப்பாண வளாகத்துடன் இணைக்கப்பட்டமையால், இசையை ஆராய்வதற்குரிய களம் நம்மிடமே உண்டு. அக்காலப் பாடகரும் வாத்தியக் கலைஞரும் மூப்பெய்தி மறைந்து வருகின்றனர். இசைத்தட்டுக்களும் இடப்பெயர்வுகளிலே சிதறிப்போயின. எஞ்சியோரைக் கண்டு கேட்டெழுதுவதும், எஞ்சியவற்றைத் தேடித் தொகுப்பதும் நம் தலைமுறையின் கடனாகும். ‘சுராங்கனி’யை இன்றும் பலர் பாடுகின்றனர், அதனைப் பாடிப் பரப்பியவர் யாரென அவருட் பலர் அறியார். பாட்டை வைத்துக்கொண்டு பாடியவனை மறந்த சமுதாயம் என்ற பழி நமக்கு வேண்டாம்.