படியெடுப்பதற்கு முன்: ஆவணம் பேணிய வரலாறு

ஆவணம் என்னும் சொல்லும், அதனோடு இணைந்த மூலம், படி என்னும் சொற்களும் தமிழில் நெடுங்காலமாக வழங்குவன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழும் வழக்கொன்று உண்டு. மணப்பந்தலில் கிழித்தெறியப்பட்டது படியோலையே என்று கூறும் முதியவர், தாம் காத்து வைத்திருந்த மூல ஓலையை அவையில் காட்டுகிறார். அவையோரும் காப்பிலிருந்த வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்ட பின்னரே முடிவுரைக்கின்றனர். சமயம் கடந்து நோக்குவார்க்கு அக்கால ஆவண நெறி இவ்வொரு காட்சியிலேயே விளங்கும். படி வேறு, மூலம் வேறு; மூலம் காப்பில் இருத்தல் வேண்டும்; ஒப்புநோக்காத எழுத்து சான்றாகாது.

அறக்கட்டளைகள் பலவும் இன்று தம் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து கணினியில் சேர்க்க முனைந்துள்ளன. நல்ல முயற்சி அது. எனினும் ஒரு படியின் தரம், படியெடுப்பதற்கு முன் செய்யும் ஆயத்தத்தைப் பொறுத்தது. நம் முன்னோர் இதனை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதைச் சில சான்றுகளால் காண்போம்.

அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் கருவறை விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 1013ஆம் ஆண்டளவில், ஆணையிட்டான். சுவர்களை இடிக்கும் முன்னர், அவற்றிலிருந்த கல்வெட்டுகள் அனைத்தையும் ஏட்டில் படியெடுத்து வைக்கவும் பணித்தான். அவன் மகன் இராசேந்திரனின் பதினான்காம் ஆட்சியாண்டில், 1026ஆம் ஆண்டளவில், அந்த ஏட்டைக் கொண்டு கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளும் அக்கோயிலின் நிலக்கொடைகளுக்கெல்லாம் ஆதாரமாக நின்றது அந்த ஏடே.

செம்பியன் மாதேவியார் திருப்பணி செய்த கோயில்கள் சிலவற்றில், மீண்டும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பழங்கற்படி என்றே குறித்துள்ளனர். பழைய கல்லின் படி இது என்று வெளிப்படையாகச் சொல்லும் நேர்மை அச்சொல்லில் உள்ளது. சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலங்கள் பள்ளிச்சந்தம் எனக் கல்வெட்டுகளில் வழங்குதலை நாம் அறிவோம். அந்நிலங்களைப் பற்றி எழுதப்பட்ட ஓலைகள் மறைந்துவிட்டன. கல்லில் ஏறியவை நமக்கு எஞ்சின.

ஓலைச்சுவடிக் காலத்திலும் ஆயத்தம் என்பது பெரும்பணியே. ஏடுகளைத் துடைத்து, எழுத்து விளங்க மை தடவி, ஏட்டெண் பார்த்து வரிசைப்படுத்திய பின்னரே பெயர்த்தெழுத அமர்வர். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்த சுவடியில் எண்ணும் இல்லையேல், கற்றவரும் இடர்ப்படுவர்.

தாளுக்கு மாறிய பின்பும் இவ்விடர் நீங்கவில்லை. நில அளவைத் துறையில் பணிபுரிந்த காலின் மெக்கன்சி தென்னாட்டு ஊர்தோறும் சுவடிகளையும் வரலாற்றுச் செய்திகளையும் திரட்டினார். சமணரைப் பற்றி அவர் திரட்டிய செய்திகள் ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழின் ஒன்பதாம் தொகுதியில் வெளிவந்தன. 1821இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பில் ஒரு பகுதி சென்னைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே மை மங்கியும் பூச்சி அரித்தும் பல தாள்கள் சிதையலாயின. வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியார் அவற்றை ஆராய்ந்து, மிகவும் நலிந்தவற்றை நல்ல தாளில் பெயர்த்தெழுதச் செய்தார். தம் ஆய்வுரையை 1838இல் வெளியிட்டார். எது முதலில் அழியும் என்று கண்டறிந்து அதனை முதலில் எடுத்தல் அவர் பின்பற்றிய முறை. இன்றைய ஆவணக் காப்பாளரும் அதனையே கைக்கொள்கின்றனர்.

எழும்பூரில் 1909இல் எழுந்த கட்டடத்தில் சென்னை ஆவண அலுவலகம் இயங்கத் தொடங்கியது. இன்று அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப் பெயர் பெற்றுள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1670களைச் சேர்ந்த நாட்குறிப்பு ஏடுகள் அங்குள்ளன. அவற்றை 1910 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டனர். அச்சுப்படி கைக்கு வந்ததனால் மூல ஏட்டைப் புரட்ட வேண்டிய தேவை குறைந்தது. மூலம் அங்கேயே பாதுகாப்பாக இருக்கிறது.

எல்லாத் தாளையும் காக்க இயலாது என்பதையும் அலுவலக நடைமுறை உணர்ந்திருந்தது. அரசு அலுவலகக் கடிதங்களில் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்னும் குறிகளைக் கண்டிருப்பீர்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிலையாக என, முடிந்த கோப்பை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை அக்குறிகள் உணர்த்தும். இப்பகுப்பைச் செய்யாமல் ஸ்கேன் செய்யத் தொடங்கினால், தேநீர்ச் செலவுச் சீட்டும் தாய்ப்பத்திரமும் ஒரே குவியலில் சேரும்.

ஆயத்தம் குறைந்தால் விளைவது யாது என்பதை நான் நேரில் கண்டேன். ஓர் அலுவலகத்தில் ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகளை ஸ்கேன் செய்தனர். என்னுடன் பணிபுரிந்த ஆசிரியை ஒருவரின் பதிவேட்டில், தகுதிகாண் பருவம் முடித்தமைக்கான பதிவு, பக்கத்தில் இடமின்மையால் தனித்தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. மடித்திருந்த அத்தாளை விரிக்காமலேயே படமெடுத்துவிட்டனர். அவர் ஓய்வு பெற்றபோது, கணினிப் படியில் அப்பதிவு இல்லையென்று ஓய்வூதியக் கருத்துரு திருப்பி அனுப்பப்பட்டது. மூலப் பதிவேட்டைத் தேடியெடுத்து, மடிப்பை விரித்துக் காட்ட ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை அவருக்கு ஓய்வூதியம் இல்லை. பதிவேடு கழிவுத்தாளோடு போயிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும்!

ஆதலின் கோப்புகளை ஸ்கேன் செய்யக் கொடுக்கும் முன் சிலவற்றைச் செய்துகொள்ளுதல் நலம். ஒவ்வொரு கோப்பிலும் தாள்களை நாள் வரிசையில் அடுக்கி, மூலையில் பென்சிலால் எண்ணிட வேண்டும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், நாடா ஆகியவற்றைக் கையால் மெல்ல நீக்க வேண்டும். துருவேறிய ஊசியை இழுத்தால் தாள் கிழியும். மடிப்புகளை விரித்துக் கனமான நூல்களுக்கு அடியில் ஓரிரு நாள் வைத்தால் தாள் படியும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவதும் பழம்பத்திரத்தை லேமினேஷன் செய்வதும் கூடா. ஒட்டிய பசை காலப்போக்கில் தாளைக் கறையாக்கும். லேமினேஷன் செய்ததைப் பின்னர்ப் பிரித்தெடுத்தல் அரிது. நொறுங்கும் நிலையிலுள்ள தாளைத் தானே இழுத்துச் செல்லும் ஸ்கேனரில் இடாமல், கண்ணாடிமேல் பரப்பிவைத்துப் படமெடுக்கும் வகையைப் பயன்படுத்த வேண்டும். பத்திரங்களின் பின்புறத்தையும் மறவாமல் எடுக்க வேண்டும். சார்பதிவாளரின் குறிப்பும் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குதல் இவை அனைத்திலும் தலையாயது. கோப்பில் நாற்பத்திரண்டு பக்கம் என்றால் கணினியிலும் நாற்பத்திரண்டு இருக்க வேண்டும். ஒருவர் மூலத்தைப் பார்க்க, மற்றொருவர் திரையைப் பார்த்து ஒப்புநோக்க வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் செய்ததும் இதுவே.

1858இல் அமைந்த இனாம் ஆணையம் கோயில் மானியங்களை ஆராய்ந்து எழுதிய பதிவேடுகள், இன்றும் நில வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகின்றன. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தர் ஊர்ப்பெயரையும் பரப்பையும் பிழையின்றி எழுதியமையால் காக்கப்பட்ட நிலங்கள் உண்டு. இன்று நாம் விரிக்கும் மடிப்பும் இடும் எண்ணும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வாறே துணை செய்யும்.

சுருத பஞ்சமியன்று சுவடிகளையும் நூல்களையும் வெளியிலெடுத்துத் தூசு துடைத்துப் புதுத்துணியில் பொதிந்து வைப்பது நம்மவர் வழக்கம். அந்நாளில் அறக்கட்டளையின் பத்திரப் பெட்டியையும் திறந்து, பட்டியலோடு ஒப்பிட்டு, கணினிப் படி திறக்கிறதா என்றும் பார்த்து, மூலத்தைப் பொதிந்து மீண்டும் பெட்டியில் வைப்போமாக. வீட்டிலுள்ள பத்திரங்களுக்கும் அதுவே நன்னாள்.