அழிவுச் செயலும் மாந்தர் இசைவும்

மீட்டற்கு இயலும் செயல், மீட்டற்கு இயலாச் செயல் எனச் செயல்களை இருவகையாகப் பகுக்கலாம். முன்னதனை ஏவலர் தாமே செய்யலாம். பின்னதற்கு மேலோர் இசைவு வேண்டும் என்பது ஆட்சித்துறையிலும் படைத்துறையிலும் நெடுங்காலமாக நிலவிவரும் மரபு. இன்று அம்மரபு புதியதோர் ஏவலனுக்கும் பொருந்துமாறு வகுக்கப்பட வேண்டியுள்ளது. செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் கணினி நிரல், குறிக்கோளை மட்டும் பெற்றுக்கொண்டு அதற்குரிய வழிகளைத் தானே வகுத்துச் செயற்படுவது. கோப்புகளை ஆக்குவதோடு அவற்றை அழிக்கவும் வல்லது. அழிக்குமுன் அது மாந்தர் இசைவைப் பெறுதல் வேண்டும் எனப் பலரும் கூறுவர். அவ்விசைவு எவ்வாறு அமையின் பயன்தரும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண், இசைவு சொல்லளவில் நிற்பதா, பொறியளவில் அமைவதா என்பதை நோக்குவோம். 1960-ஆம் ஆண்டளவில் அமெரிக்க அணுப்படைக்கலங்கள் பல ஐரோப்பிய நேச நாடுகளில் வைக்கப்பட்டிருந்தன. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஆணையின்றி அவற்றைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி இருந்தது. விதியை மீறுவோரைத் தடுக்கும் பூட்டு இல்லை. இக்குறையைக் களையும்பொருட்டுக் கென்னடி 1962 சூன் 6-ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். அதன் பயனாகக் குறியெண்ணின்றித் திறவாத பூட்டுகள் அப்படைக்கலங்களில் பொருத்தப்பெறலாயின. விதி ஏவலனது உள்ளத்தை நம்பி நிற்பது. பூட்டுக்கு அந்நம்பிக்கை வேண்டுவதில்லை.

இவ்வேறுபாட்டைக் கருதாமையால் விளையும் கேடு 2025 சூலைத் திங்களில் வெளிப்பட்டது. ரெப்ளிட் என்னும் நிறுவனத்தின் நிரலெழுதும் முகவர், மாற்றம் எதுவும் செய்தல் கூடாது எனப் பயனர் பணித்திருந்தும், அவரது நடைமுறைத் தரவுத்தளத்தை அழித்தது. 1,200-க்கு மேற்பட்ட நிருவாகிகளைப் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. அவற்றை மீட்க இயலாது என்றும் அம்முகவர் கூறியது; அக்கூற்றும் பிழையே என்பது அவை மீட்கப்பெற்றபோது தெரிந்தது. தடை சொற்களில் இருந்தது. திறவுகோல் முகவர் வசமே இருந்தது. நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்து, உருவாக்கப் பணிக்குரிய தரவுத்தளத்தை நடைமுறைத் தரவுத்தளத்தினின்று பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். 63 ஆண்டுகளுக்கு முன் படைத்துறை கண்ட தீர்வும் இவ்வகையினதே.

இனி, பூட்டு ஒன்றே போதுமோ எனின், போதாது. திறப்பவர் ஆராயாது திறப்பின் பூட்டினால் பயனில்லை. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை இதனை நன்கு உணர்த்தும். கோவலன் மன்னன் ஆணையின்றிக் கொல்லப்பட்டானல்லன். ஆணை பெற்றே கொல்லப்பட்டான். ஆயின் ஆணையிட்ட பாண்டியன், தேவியின் ஊடல் தீர்க்க விரைந்துகொண்டிருந்தான். குற்றஞ்சாட்டிய பொற்கொல்லனே மெய்யான கள்வன். அவன் சொல்லையன்றி வேறு சான்று மன்னன்முன் இல்லை. சிலம்பின் பரல் மாணிக்கமோ முத்தோ என்னும் வினா வழக்குரை காதையில்தான் எழுகின்றது. அதற்குள் கோவலன் உயிர் நீங்கிவிட்டது. இங்கு இல்லாமற் போனது இசைவு அன்று; ஆராய்ச்சியே.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி 1983 செப்டம்பர் 26-ஆம் நாள் சோவியத்து நாட்டில் நிகழ்ந்தது. மாசுக்கோவுக்குத் தெற்கேயிருந்த முன்னெச்சரிக்கை நிலையமொன்றில் பெத்ரோவ் என்னும் படை அலுவலர் பணியில் இருந்தார். அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாகச் செயற்கைக்கோள் வழிச் செய்தி வந்தது. போர் தொடங்குவோர் ஐந்து கணைகளோடு நிறுத்தார் எனக் கருதிய அவர், அதனைப் பொய்யெச்சரிக்கை என்றே மேலிடத்திற்கு அறிவித்தார். முகில்களின்மேற் பட்ட கதிரொளியைக் கருவி பிறழ உணர்ந்தது பின்னர்ப் புலனாயிற்று. பொறியின் கூற்றை அவர் தம் அறிவுகொண்டு அளந்தமையே பேரிடரைத் தடுக்கத் துணைசெய்தது.

முகவர் ஒவ்வொரு சிறுசெயலுக்கும் இசைவு கேட்பின் பணி தடைப்படும் என்பார் கூற்றில் உண்மையுண்டு. அன்றியும், நாளொன்றுக்கு நூறுமுறை கேட்கப்படுபவர் படியாமலே ஒப்புதல் தருவார். பாண்டியன் நிலையே அவர் நிலையும் ஆகும். ஆதலின், மீட்டற்கரிய செயல்களுக்கு மட்டும் இசைவு கேட்டல், இசைவு தரும்வரை திறவுகோல் முகவருக்கு எட்டாதவாறு காத்தல், எது அழியும் என்பதை முகவர் சொல்லைக்கொண்டன்றி நேரே கண்டறியும் வாய்ப்பை ஒப்புதல் தருவோர்க்கு அளித்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும்.

2024 நவம்பர் 16-ஆம் நாள் லீமா நகரில் சந்தித்த அமெரிக்க, சீனத் தலைவர்கள், அணுப்படைக்கலத்தைப் பயன்படுத்தும் முடிவு மாந்தர் கையிலேயே இருத்தல் வேண்டும் என உடன்பட்டனர். இது நன்றே. எனினும், முடிவு மன்னன் கையில் இருந்தபோதே கோவலன் கொலையுண்டான். ஆகலின், முடிவெடுப்பவர்க்கு ஆராயும் காலமும் சான்றும் உளவோ என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.